கழுத்தில் துடிப்பு, கையில் இயக்கம்

பக்கவாதம் கண்டவர்களுள் பலர் சில மாதங்களில் எழுந்து நடக்கிறார்கள். கோலூன்றியோ, ஒரு காலைச் சற்றே இழுத்தோ வாசல்வரை வந்துவிடுகிறார்கள். கைதான் பின்தங்குகிறது. முழங்கை மடங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருக்கும். சட்டைப் பொத்தானை மாட்டவும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும் இன்னொருவர் துணை வேண்டும்.

காலுக்கும் கைக்கும் இந்த வேற்றுமை வரக் காரணம் உண்டு. நடையின் தாளத்தில் பெரும்பங்கைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் தாமே நடத்திக்கொள்ளும். விரல்களைத் தனித்தனியே இயக்கும் ஆணைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை மூளைப் புறணியில் பிறந்து, மூளையின் நடுவில் உள்ள குறுகிய இடைவழியில் ஒன்றோடொன்று நெருங்கி இறங்கி, உடலின் மறுபக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தை அடைய வேண்டும். அந்த இடைவழியில் ஒரு சென்டிமீட்டர் அகலத் திசு குருதி கிடைக்காமல் மாண்டாலும் ஒரு பக்கக் கை முழுதும் முடங்கிவிடக்கூடும்.

தொடக்கத்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவே என்பது மருத்துவமனைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பெரும்பாலான மீட்சி அக்காலத்தில்தான் நிகழ்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதன்பிறகு மூளை கல்லாகிவிடுகிறது என்று பொருள்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. அந்தப் பிழையைத் திருத்திய முயற்சிகளுள் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கைக்கு ஒரு கிளையைக்கூட அனுப்பாத வேகசு நரம்பைக் கழுத்தில் மின்னால் தூண்டி, கையின் இயக்கத்தைக் கூட்டும் முறை அது.

முடங்கிய உறுப்பை மின்னோட்டத்தால் எழுப்பலாம் என்னும் எண்ணம் பழையது. மின்னால் தவளைக் கால் துடிப்பதைக் கால்வானி கண்ட நாள்தொட்டு மருத்துவர்கள் அவ்வெண்ணத்தைத் தொடர்ந்துவருகிறார்கள். 1961இல் இலிபர்சன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும், பாதம் தொங்கிய நோயரின் செருப்புக் குதியில் ஓர் ஆளியைப் பொருத்தினர். குதி தரையைவிட்டு எழும்போது முழங்காலருகே உள்ள நரம்பில் மின்னோட்டம் பாயும், பாதம் நிமிரும். அதே முறை கைக்கும் வந்தது. முன்கையின் மேற்புறத்தில் இரண்டு மின்தகடுகளை ஒட்டி ஓட்டத்தைச் செலுத்தினால் மணிக்கட்டு உயர்ந்து விரல்கள் விரியும். இன்றும் இயன்முறை மருத்துவ நிலையங்களில் அன்றாடம் காணும் காட்சி இது. தசை மெலியாதிருக்கவும் மூட்டு இறுகாதிருக்கவும் அது உதவுகிறது. ஆனால் கையைத் தூக்குவது மின்னோட்டம். நோயர் வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தாலும் கை தூக்கப்படும். ஓட்டம் நின்றதும் பல கைகள் பழையபடி விழுந்துவிடுகின்றன. நோயரின் சொந்த முயற்சியைத் தசையின் மின்குறியால் அறிந்து, அப்போது மட்டும் தூண்டும் கருவிகள் பின்னர் வந்தது இக்குறையை உணர்ந்ததால்தான்.

இன்னொரு கூட்டத்தார் நேரே மூளைக்குச் சென்றனர். கையை ஆளும் புறணிப் பகுதியின் மேல் மின்தகடு வைத்துத் தூண்டியபடியே பயிற்சி தந்தபோது எலிகளும் குரங்குகளும் நன்கு மீண்டன. மனிதரிடம் நடத்திய எவரெசுட்டு என்னும் பேராய்வு 2008இல் தன் முதன்மை இலக்கை எட்டாமல் முடிந்தது. விலங்கில் வென்றது மனிதனில் தோற்பது மருத்துவ வரலாற்றில் புதிதன்று. ஆயினும் மண்டையோட்டைத் திறந்து செய்த முயற்சி வீணானதால், இத்துறையில் சில ஆண்டுகள் அயர்வு நிலவியது.

வேகசு நரம்பு, மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் பத்தாவது. மூளைத்தண்டில் தொடங்கி, கழுத்துத் தமனியோடும் சிரையோடும் ஒரே உறைக்குள் இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று பரவுகிறது. இதயத் துடிப்பைத் தணிப்பது அதன் புகழ்பெற்ற வேலை. 1921இல் ஓட்டோ உலோவி, ஒரு தவளை இதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டி, அந்த இதயம் நனைந்திருந்த நீர்மத்தை இன்னொரு தவளை இதயத்தின்மேல் விட்டார். இரண்டாவது இதயமும் தணிந்தது. நரம்புகள் வேதிப்பொருளால் பேசுகின்றன என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. 1936இல் அவருக்கும் என்றி தேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உள்ளுறுப்புகளுக்கு ஆணை கொண்டுபோவது இந்நரம்பின் சிறுபங்கு வேலைதான். அதன் இழைகளுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உடலிலிருந்து மூளைக்குச் செய்தி ஏற்றிச் செல்பவை. கழுத்தில் அதைத் தொட்டால் மூளையைத் தொட்டதாகிறது, மண்டையோட்டைத் திறக்காமலே.

இதை முதலில் பயன்கொண்டது வலிப்பு மருத்துவம். 1880களிலேயே நியூயார்க்கில் கார்னிங்கு என்பவர் கழுத்தின்மேல் மின்னோட்டம் செலுத்தி வலிப்பை அடக்க முயன்றார். பயன் காணாமல் அது மறைந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1988இல், அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு மனிதரின் கழுத்தில் வேகசு நரம்பின்மேல் தூண்டல் கருவி பொருத்தப்பட்டது. 1997இல் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. வலிப்புக்காகக் கருவி பொருத்திக்கொண்டவர்களிடம் 1999இல் நடந்த ஒரு சிறிய சோதனைதான் நம் கதைக்குத் திருப்பம். அவர்களை ஒரு பத்தியைப் படிக்கச் செய்து, படித்ததும் நரம்பைத் தூண்டினர். பிறகு கேட்டபோது, மிதமான தூண்டல் பெற்றவர்கள் கூடுதலான சொற்களை அடையாளம் கண்டனர். மின்னோட்டத்தை இன்னும் கூட்டியபோது அந்தப் பயன் காணப்படவில்லை. கற்றலுக்கும் இந்நரம்புக்கும் தொடர்பு உண்டு என்பதையும், கூடுதல் என்பது நன்மை ஆகாது என்பதையும் ஒரே சோதனை காட்டிவிட்டது.

மூளையின் நினைவுக் களத்தில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. நொடிதோறும் எண்ணற்ற நரம்பணுக்கள் இயங்குகின்றன. எந்த இயக்கத்தின் தடத்தை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? உயிருக்கு முதன்மையான ஒன்று நிகழும்போது மூளைத்தண்டில் உள்ள நீலத்திட்டு நார் அட்ரினலினைப் புறணி முழுதும் தெளிக்கிறது. முன்மூளையின் அடித்தளத்தில் உள்ள நரம்பணுத் தொகுதி அசிட்டைல்கோலினைத் தெளிக்கிறது. அந்நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன. சும்மா இருந்தவை அப்படியே இருக்கின்றன. மாணவன் எழுதிய பக்கத்தில் சரியான வரிக்கு நேரே மட்டும் ஆசிரியர் இடும் குறி போன்றது இது. 1998இல் மைக்கேல் கில்கார்டும் மைக்கேல் மெர்சனிக்கும் ஓர் ஒலியை எலிக்குக் கேட்பித்த அதே வேளையில் அந்த அடித்தளத் தொகுதியைத் தூண்டி, செவிப்புலப் புறணியின் வரைபடத்தையே மாற்றிக் காட்டினர். ஆனால் ஆழ்மூளையில் மின்முனை செருகுவதை மருத்துவமாக்குவது அரிது. வேகசு நரம்பின் செய்தி மூளைத்தண்டை அடைந்து அந்த இரண்டு தொகுதிகளையும் எழுப்புகிறது என்பதால், கில்கார்டு பின்னர் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் டாலசு வளாகத்தில் அவ்வழியே சென்றார். 2011இல் அவர் குழுவினர், ஒலியோடு வேகசுத் தூண்டலை இணைத்து, எலிகளின் காதிரைச்சலுக்கு ஒப்பான கோளாற்றை மாற்றியதை நேச்சர் இதழில் வெளியிட்டனர். ஒலியோடு இணைத்தால் செவிப்புலம் மாறுகிறதென்றால், அசைவோடு இணைத்தால் கை மாறாதா?

அடுத்து நடந்த எலிச் சோதனைகள் என் கணிப்பில் இவ்வரலாற்றின் மிக அழகான பகுதி. கூண்டின் பக்கத்தில் ஒரு சிறு பிளவு. வெளியே ஒரு கைப்பிடி. எலி முன்காலை நீட்டி அதைப் பற்றி இழுக்க வேண்டும். குறித்த விசையை எட்டினால் ஓர் உணவுருண்டை விழும். எலி நன்றாகப் பழகிய பிறகு, முன்காலை ஆளும் புறணிப் பகுதியில் குருதியோட்டத்தை அடைத்து மூளைச் சிதைவை உண்டாக்கினர். எலி இப்போதும் காலை நீட்டும், பற்றும், இழுக்க வலுவிராது. பிறகு மீண்டும் பயிற்சி. ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும். இன்னொரு குழுவுக்கு, ஒவ்வொரு நல்ல இழுப்பு நிகழும் கணத்திலும் கழுத்தில் அரை நொடித் தூண்டல். இரண்டாம் குழுவின் வலிமை முதற்குழுவைத் தெளிவாக விஞ்சியது. பயிற்சி முடிந்தபின் தனியே தூண்டல் பெற்ற எலிகளுக்கு அந்த ஏற்றம் கிட்டவில்லை. துடிப்புகளின் எண்ணிக்கையைப் பல மடங்கு பெருக்கியும் பயன் பெருகவில்லை. அசிட்டைல்கோலின் தரும் நரம்பணுக்களை முன்கூட்டியே அழித்துவிட்ட எலிகளின் மூளை வரைபடம் மாறவேயில்லை. எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. மின்துடிப்பு கையை அசைக்கவில்லை. எலி தானே அசைத்த அசைவைக் காத்துவைக்குமாறு மூளைக்குச் சொல்கிறது.

மனிதரிடம் முதலில் இரண்டு சிறு ஆய்வுகள் நடந்தன. அவற்றின் விளைவு நம்பிக்கை தரவே பேராய்வு தொடங்கியது. கிளாசுகோ பல்கலைக்கழகத்தின் டாசன் முதலானோர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2021 ஏப்பிரலில் இலான்செட்டு இதழில் வெளியாயிற்று. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 19 இடங்கள்; 108 நோயர்கள். அனைவரும் குருதியடைப்பால் பக்கவாதம் வந்து குறைந்தது ஒன்பது மாதமும் மிகுந்தது பத்தாண்டும் கடந்தவர்கள். இனி ஏதுமில்லை என்று பழைய கணக்கு கைவிட்ட காலத்தில் இருந்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அறுவை மருத்துவர் இடப்பக்கக் கழுத்தில் சிறு கீறலிட்டு, நரம்பைச் சுற்றி மின்முனைச் சுருளை மாட்டுகிறார். காறையெலும்புக்குக் கீழே தோலடியில் துடிப்பாக்கியை வைக்கிறார். இரண்டையும் தோலடிக் கம்பியால் இணைக்கிறார். முடங்கியது எந்தக் கையாயினும் தூண்டப்படுவது இடப்பக்க நரம்பே. வலப்பக்க நரம்பு, இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவை ஆள்வதால் அதைத் தொடுவதில்லை. பிறகு ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று அமர்வு, ஆக 18 அமர்வுகள்.

ஓர் அமர்வைச் சற்று அருகிருந்து காண்போம். மேசைமேல் ஒரு குவளை, சில சீட்டுகள், பூட்டும் சாவியும், திருகுமூடி போட்ட புட்டி. நோயர் குவளையை நோக்கிக் கையை நீட்டுகிறார். தோள் உயர்கிறது, முழங்கை மெல்ல விரிகிறது, விரல்கள் திறக்க முனைகின்றன. எதிரே அமர்ந்திருக்கும் பயிற்சியாளரின் கண் குவளையில் இல்லை, அந்த விரல்களில் இருக்கிறது. அவை திறக்கத் தொடங்கும் கணத்தில் தம் கையிலுள்ள பொத்தானை அழுத்துகிறார். கம்பியில்லாமல் செய்தி துடிப்பாக்கிக்குப் போய், அரை நொடிக்கு ஒரு துடிப்புத் தொடர் ஓடுகிறது: ஓட்டம் 0.8 மில்லியாம்பியர், நொடிக்கு 30 துடிப்பு என்னும் விரைவு, ஒவ்வொரு துடிப்பும் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே நீளும். நோயருக்குத் தொண்டையில் சிறு கூச்சம் தோன்றலாம்; பேசிக்கொண்டிருந்தால் குரல் ஒரு கணம் கரகரக்கலாம், ஏனெனில் குரல்நாண்களுக்குச் செல்வதும் இதே நரம்பின் கிளைதான். குவளை கீழே வைக்கப்படுகிறது. மீண்டும் நீட்டல், மீண்டும் பொத்தான். ஓர் அமர்வில் இவ்வாறு 300 முறைக்கு மேல். வீட்டுக்குப் போனபிறகும் வேலை முடியாது. மார்பின்மேல் ஒரு காந்தத்தைத் தடவினால் கருவி அரை மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டுத் துடிக்கும். அந்த அரை மணியும் நோயர் கையைப் பயன்படுத்தியாக வேண்டும்.

108 பேருக்கும் அறுவை செய்து கருவி பொருத்தினர். 53 பேருக்கு உண்மைத் தூண்டல். 55 பேருக்குப் போலித் தூண்டல். யாருக்கு எது என்பது நோயருக்கும் தெரியாது, அளவிட்டவர்களுக்கும் தெரியாது. போலித் தூண்டலுக்காக 55 பேரைக் கத்திக்கு உட்படுத்துவது முறையா என்று கேட்போர் உண்டு. என் எண்ணத்தில் அது கடினமானதே. ஆயினும் தவிர்க்க முடியாதது. புதிய கருவி ஒன்றைத் தாங்கியிருக்கிறோம் என்னும் நம்பிக்கையே மனிதரை இருமடங்கு உழைக்கச் செய்யும். அதைக் கழித்துப் பார்க்க வேறு வழி இருந்ததில்லை. ஒப்பீட்டுக் காலம் முடிந்ததும் அந்த 55 பேருக்கும் உண்மைத் தூண்டலோடு பயிற்சி தரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளைவை அளக்கப் பயன்பட்டது 1975இல் சுவீடனில் உருவான பூகல்-மேயர் அளவை. கையின் பகுதிக்கு 33 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு புள்ளி, மொத்தம் 66. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்த பென்சிலை ஆய்வாளர் இழுப்பார். விடாமல் பிடித்தால் இரண்டு, பிடித்தும் நழுவினால் ஒன்று, பிடிக்கவே முடியாவிட்டால் பூச்சியம். கையை முதுகுக்குப் பின்னே இடுப்பு முதுகெலும்புவரை கொண்டுபோக வேண்டும். பந்தைப் பற்ற வேண்டும். முழங்கையை மடக்காமல் தோள்மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். ஆறு வார முடிவில் உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் சராசரியாக 5.0 புள்ளியும் மற்றவர்கள் 2.4 புள்ளியும் உயர்ந்திருந்தனர். அதிலிருந்து தொண்ணூறாம் நாளில், வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்க உயர்வாகிய ஆறு புள்ளியையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் முதற்குழுவில் 47 விழுக்காடு, இரண்டாவதில் 24 விழுக்காடு.

இந்த எண்களை நேராகப் படிக்க வேண்டும். சராசரியில் வேறுபாடு 2.6 புள்ளிதான், செயலிழந்த கை முழு நலம் பெறுவது இதில் இல்லை. உண்மைத் தூண்டல் பெற்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆறு புள்ளியைத் தொடவில்லை. ஆய்வுக்குப் பொருள் தந்தது கருவியைச் செய்த மைக்ரோடிரான்சுபாண்டர் என்னும் நிறுவனமே. இவ்வளவும் உண்மை. மறுபுறம், பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குச் செல்லும் ஒற்றைப் புள்ளி என்பது, சுருண்ட விரல் முதன்முறை விரிவதாக இருக்கலாம். கதவுப்பிடியைத் திருப்பவோ குழாயைத் திறக்கவோ அதுவே தொடக்கமாகலாம். நெடுநாளைய கைவாதத்துக்கு, தக்க ஒப்பீட்டோடு நடந்த ஆய்வில் இவ்வளவு தெளிவான வேறுபாடு காட்டிய உட்பொருத்துக் கருவி அதற்குமுன் இல்லை. அதே ஆண்டின் ஆகத்துத் திங்களில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது: குருதியடைப்பால் வந்த நெடுநாளைய பக்கவாதத்துக்கும், நடுத்தரம் முதல் கடுமைவரையான கைக்குறைபாட்டுக்கும் மட்டும். குருதிக்கசிவால் வந்த பக்கவாதத்துக்கு அவ்வொப்புதல் பொருந்தாது. ஒரு விரலும் சற்றும் அசையாத கைக்கும் அம்முறையால் செய்யத்தக்கது குறைவு. குறியிட ஓர் அசைவாவது இருந்தாக வேண்டும்.

எனக்கு இவ்வாய்வில் மிகவும் கருதத்தக்கதாகத் தோன்றுவது அந்த 2.4 புள்ளி. உண்மைத் தூண்டல் பெறாதவர்கள் அடைந்த உயர்வு அது. பக்கவாதம் வந்து ஆண்டுகள் கடந்தவர்கள், கடும் பயிற்சியோடு அவ்வளவு மேலேறியிருக்கிறார்கள். இதற்குமுன் எட்வர்டு தாபும் இதையே வேறுவழியில் காட்டியிருந்தார். நலமான கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, முடங்கிய கையை வேலை வாங்குவது அவர் முறை. 222 நோயர்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அதன் பயனை உறுதிப்படுத்தியது. ஆனால் வழக்கமான மருத்துவமனைப் பயிற்சியில் என்ன நடக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் அமர்வுகளை நேரில் எண்ணி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓர் அமர்வில் கை பொருளுள்ள அசைவு செய்தது சராசரியாக 32 முறை. எலி ஆய்வுக்கூடத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இழுக்கிறது. அந்த 32 முறை என்பது வசதிமிக்க நாடுகளின் நிலையே. மின்னைப் பற்றிப் பேசுமுன் இந்த எண்ணைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அறுவையில்லாமல் இதே பயனைப் பெற முடியுமா என்னும் தேடலும் நடக்கிறது. வேகசு நரம்பின் ஒரு சிறு கிளை காதுமடலின் உட்குழிவுக்கு வருகிறது. அங்கே மின்முனை வைத்துத் தூண்டும் முறையை ஆய்வுகள் சோதித்துவருகின்றன. சிறு ஆய்வுகள் ஊக்கம் தருகின்றன. அதற்கு மேல் இப்போது சொல்லுதல் தகாது. பிட்சுபர்க்கில் வேறொரு குழு கழுத்துத் தண்டுவடத்தின் மேலுறையில் மின்முனைகளை வைத்து 2023இல் இரண்டு நோயர்களின் விளைவை வெளியிட்டது. தூண்டல் ஓடும்போதே ஒருவரின் பிடிவலிமை 40 விழுக்காடும் இன்னொருவரின் வலிமை 108 விழுக்காடும் கூடின. இது வேகசு முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது: முன்னது மூளையின் கற்றலைக் கூட்டுகிறது; இது மூளையிலிருந்து வரும் மெல்லிய ஆணையைத் தண்டுவடத்தில் எளிதாக ஏற்கச் செய்கிறது. இரண்டு பேரின் விளைவு இரண்டு பேரின் விளைவுதான். பெரிய ஆய்வு வரும்வரை காத்திருக்கலாம்.

வலி தணிக்கவும் தசையைத் தூண்டவும் ஒட்டுத்தகடுகளோடு கூடிய சிறு மின்கருவிகள் இன்று இணைய அங்காடிகளில் எளிதில் கிடைக்கின்றன. இக்கட்டுரையைப் படித்தவர்கள் அவற்றை வாங்கிக் கழுத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டா. கழுத்தின் முன்புறத்திலும் பக்கங்களிலும் ஓட்டம் பாய்ந்தால், கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் தூண்டப்பட்டுக் குருதியழுத்தமும் இதயத் துடிப்பும் திடீரெனத் தாழக்கூடும். குரல்வளைத் தசைகள் இறுகக்கூடும். அக்கருவிகள் முன்கைத் தசைகளுக்குப் பயன்படலாம், அதுவும் இயன்முறை மருத்துவர் இடம் காட்டி அளவு குறித்துக் கொடுத்த பிறகே. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் தம் இதய மருத்துவரைக் கேளாமல் அவற்றை உடலின் எப்பகுதியிலும் வைத்தலாகாது.